ஆற்றுப்படை காட்டும் வழித்திட்டம்

முன்பின் அறியாத நாட்டில் வழிப்பயணம் மேற்கொள்வார் எவராயினும், புறப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவர். எவ்வழி செல்வது? இரவு எங்கே தங்குவது? இடையில் சோறு எங்கே கிடைக்கும்? இத்தாலி நாட்டின் சிற்றூர்களூடே ஒரு வாரம் மோட்டார் வண்டியில் சுற்றிவரத் திட்டமிடும் இக்காலத்துச் செல்வர்க்கும் இம்மூன்றே வினாக்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாழைத் தோளில் சுமந்து, பசித்த சுற்றத்தோடு நடந்த தமிழ்ப் பாணனுக்கும் இம்மூன்றே வினாக்கள்.

பாணனுக்குக் கிடைத்த விடைகளின் தொகுதியே ஆற்றுப்படை. ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், அதாவது செலுத்துதல். பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வறுமையுற்று வருபவனை எதிர்ப்பட்டு, தான் சென்ற வழியை எடுத்துக் கூறி அனுப்புவது இதன் இலக்கணம். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வகைக் கலைஞர்க்கும் உரியதாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் இதனை வகுக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் மன்னர்களிடம் ஆற்றுப்படுத்துவன.

நம் வகுப்பறைகளில் ஆற்றுப்படையைக் கற்பிக்கும்போது பாட்டுடைத் தலைவன் யார், பாடிய புலவர் யார், அடிகள் எத்தனை என்னும் அளவில் நின்றுவிடுகிறோம். வள்ளலின் கொடையைச் சொல்லி முடிக்கிறோம். வள்ளலின் வாயிலை அடையுமுன் பாட்டில் எத்தனையோ வாயில்கள் திறக்கின்றன. அவற்றைத் திறந்தவர் யாவர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்தாலியின் சாலைகள்

ஒப்புநோக்கிற்காக முதலில் இத்தாலிக்குச் செல்வோம். உரோமர் சாலை அமைப்பதில் வல்லவர். ஆப்பியஸ் கிளாடியஸ் என்னும் அதிகாரி கி.மு. 312இல் தொடங்கிய ஆப்பியன் சாலை, பின்னர்த் தெற்கே நீண்டு, கிழக்குக் கரைத் துறைமுகமாகிய பிரிந்தீசி வரை சென்றது. உரோமரின் பெருஞ்சாலைகளில் மைலுக்கொரு கல் நட்டனர். ஊர்ப்பெயர்களையும் ஊருக்கு ஊர் உள்ள தொலைவையும் குறிக்கும் வழிப்பட்டியல்களும் அவர்களிடம் இருந்தன. அவ்வகையில் எஞ்சிய நெடும்படம் ஒன்றின் இடைக்காலப் படி வியன்னா நகரத்து நூலகத்தில் உள்ளது. ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள அத்தோற்சுருளின் கீழ்த்திசைக் கோடியில் நம் முசிறித் துறைமுகமும் குறிக்கப்பெற்றுள்ளது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பயணம் இனிதாயிற்றா? கவிஞர் ஹொரேஸ் கி.மு. 37ஆம் ஆண்டை ஒட்டி உரோமிலிருந்து பிரிந்தீசி வரை சென்ற செலவைத் தம் அங்கதப் பாட்டு ஒன்றில் விவரித்துள்ளார். ஓரிடத்துத் தண்ணீர் கெட்டிருந்தமையால் அவர் இரவு உணவையே தவிர்க்க நேர்ந்தது. கால்வாய்ப் படகில் கொசுவும் தவளையும் உறக்கத்தைக் கெடுத்தன. வேறோர் ஊரில் விருந்து சமைக்கப் புகுந்தவன் பறவை இறைச்சியை வாட்டும்போது நெருப்புக் கூரை வரை ஏறி, வீடே எரியத் தலைப்பட்டது. மற்றோர் ஊரில் தண்ணீரை விலைக்கு விற்றனர். ஆயினும் அங்கே ரொட்டி மிக நன்றாக இருந்ததாம். அவ்வூரின் பெயர் தம் செய்யுளின் யாப்பிற்கு அடங்காது என்று பெயர் சொல்லாமலே விட்டுவிடுகிறார் கவிஞர்!

உரோமரின் மைற்கல் தொலைவைச் சொல்லிற்று. அத்தொலைவின் முடிவில் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்பதை அது சொல்லவில்லை. அதனை முன்னர்ச் சென்றவன் வாயால் கேட்டால்தான் அறியலாம்.

மூன்று ஊர், மூன்று உணவு

இனி நம் பாட்டிற்கு வருவோம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது நாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி.

வழிகூறும் பாணன் தன் பழைய வறுமையை மறைக்கவில்லை. அவனது இடிந்த அடுக்களையில் அண்மையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. இல்லாள் குப்பைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். இவ்வாறு கதவடைத்து உண்டவனே, கதவு திறந்திருக்கும் மனைகளைப் பின்வருவோனுக்குச் சொல்கிறான் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

வழி கடற்கரையில் தொடங்குகிறது. முதல் ஊர் எயிற்பட்டினம். அங்கே நுளையர் மகள் வடித்த தேறலையும் சுட்ட குழல் மீனையும் பரதவர் தருவர். அடுத்தது முல்லை நிலத்து வேலூர். அங்கே எயினர் மகளிர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். மூன்றாவது மருத நிலத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில், நன்கு குற்றித் தீட்டிய அரிசியால் ஆக்கிய வெண்சோறும் நண்டுக் கலவையும் உண்டு. அம்மனையின் சிறுவர் விருந்தினரைப் போகவிடாது தடுப்பர் என்றும் பாணன் கூறுகிறான். அதன்பின்னரே நல்லியக்கோடனின் கிடங்கில் நகரமும், பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாத அவனது வாயிலும் வருகின்றன.

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை அடுத்த கிடங்கல் என்றும் அறிஞர் கருதுவர். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் இன்றைய சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மோட்டாரில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் இத்தொலைவிற்குள் கடலும் காடும் வயலும் அவ்வவற்றின் உணவும் அமைந்திருந்தன.

இவ்விடத்தில் ஒரு செய்தி. மரக்காணத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில், புதுச்சேரியை அடுத்து அரிக்கமேடு உள்ளது. அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த உரோமானிய மட்கலங்களுள் அரெட்டைன் வகையும் ஒன்று. இத்தாலியின் தஸ்கனி நாட்டுப்புறத்து அரெசோ நகரின் பெயரால் வழங்குவது அவ்வகை. இத்தாலியக் கலங்கள் வந்திறங்கிய அதே கரையில்தான் பாணன் மீனும் தேறலும் உண்டான். சாலைக்கல் நட்ட நாடும், வாய்மொழியால் வழி சொன்ன நாடும் ஒன்றையொன்று அறியாதன அல்ல.

ஏழு மனைகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. தொண்டைமான் இளந்திரையனது காஞ்சிக்கு வழி கூறுவது. அவ்வழியில் உப்பு வணிகரின் வண்டித்தொடர் செல்கிறது. கைக்குழந்தை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளின் சாத்தும் செல்கிறது. சுங்கம் பெறும் பெருவழியின் கவர்நெறிகளை வில்வீரர் காக்கின்றனர்.

தங்கும் மனைகளை எண்ணிப் பார்ப்போம். முதலாவது எயினர் குடியிருப்பு: நிலத்தைக் கிளறித் திரட்டிய புல்லரிசிச் சோறும் உலர்ந்த இறைச்சியும் தேக்கிலையில் கிடைக்கும். இரண்டாவது ஆயர் மனை: தினைச்சோறும் பாலும். மூன்றாவது முல்லை நிலத்து உழவர் மனை: வரகுச் சோற்றுடன் அவரைப் புழுக்கு. நான்காவது மருத நிலத்து உழவர் மனை: வெண்ணெல் சோறும் மனையில் வளர்ந்த கோழியின் வாட்டும். ஐந்தாவது வலைஞர் குடியிருப்பு: அரிசிக் களியினின்று வடித்த கள்ளும் சுட்ட மீனும். ஆறாவது அந்தணர் இல்லம்: பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளங்காயுடன் மிளகும் கறிவேப்பிலையும் கலந்த கறி, மாவடு ஊறுகாய். ஏழாவது நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம்: கொழுத்த பன்றி இறைச்சியும் கள்ளும், இரவில் கலங்களுக்கு வழிகாட்ட மாடத்தின் உச்சியில் விளக்கெரியும் ஊர் அது.

எயினரின் குடிலையும் அரணையும் ஒன்றாகக் கொண்டால் இங்கே எண்ணிய மனைகள் ஏழு. பாட்டு நாட்கணக்கு கூறவில்லை. எனினும் நாளைக்கு ஒரு மனை என வைத்துக்கொண்டால் சரியாக ஒரு வாரச் செலவு. களைத்த இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்றும் பாணன் கூறுகிறான். இதனினும் நல்ல வழித்திட்டம் வேறு என்ன வேண்டும்?

இவ்வேழு மனையாருள் எவர்க்கும் பாட்டில் பெயர் இல்லை. தேரும் யானையும் கொடுத்த இளந்திரையன் பெயர் நின்றது. தேக்கிலையில் புல்லரிசிச் சோறிட்ட எயிற்றியின் பெயர் நிற்கவில்லை. அவள் நல்ல நிலம் உடையவளும் அல்லள். உவர்க்கிணற்று நீரை முகந்து, முரிந்த அடுப்பில், வாய் சிதைந்த பானையில் சமைத்தவள். எனினும் அவள் இல்லையேல் பாணன் காஞ்சியை அடைந்திருக்க மாட்டான். அரசன் கொடை வழியின் முடிவில் உள்ளது. எளியோர் கொடை வழி நெடுகிலும் உள்ளது. இதனை மறைக்காது பதிவு செய்ததே ஆற்றுப்படைப் புலவரின் பெருமை.

எச்சரிக்கையும் புல்முடிச்சும்

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியைக் கூறுகிறது. நன்னனது செங்கண்மா நகரை நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு அது சொல்லும் எச்சரிக்கைகள் பல. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, பகலில் பார்த்து நடக்க வேண்டும். பாம்பு உறையும் குழிகளை நினைவிற் கொள்ள வேண்டும். யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் மரங்களினூடே பாய்ந்து வரும்; மறைந்து செல்ல வேண்டும். பாசி படிந்த வழுக்குப் பாறையில் கொடிகளைப் பற்றி நடக்க வேண்டும். இருட்டினால் குகையைத் தம் மனைபோலக் கொண்டு தங்க வேண்டும். ஆயரிடம் தங்கும் இரவில் தோற்படுக்கையும், விலங்கு அணுகாதிருக்க எரியும் தீயும் துணையாகும். வழி தவறினால் இசைக்கருவிகளை முழக்கினாற் போதும். ஓசை கேட்ட கானவர் விரைந்து வந்து, பழங்களைக் கொடுத்து, முன்னே நடந்து வழிகாட்டுவர்.

இவற்றோடு இன்னும் ஓர் அறிவுரை உண்டு. பாதைகள் பிரியும் சந்தியை அடைந்தால் அவ்விடத்தைத் துடைத்து, தாம் சென்ற வழியைக் காட்டப் புல்லை முடிந்து வைக்க வேண்டும். பின்வரும் புதியோர் திகைக்கலாகாது. வழி கேட்டுச் செல்பவன், செல்லும்போதே மற்றவனுக்கு வழிகாட்டியாகிறான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அறம் முழுவதும் இப்புல்முடிச்சில் அடங்கியுள்ளது எனலாம்.

ஐயம் ஒன்று

இவையெல்லாம் புலவரின் கற்பனை. ஐந்திணை வருணனைக்காக அடுக்கிய மரபு. இதனை வரலாறாகக் கொள்ளலாமா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. வள்ளலின் நாட்டில் இடியும் பாம்பும் கூடத் தீங்கு செய்யா என்பது புகழ்ச்சி. எல்லா மனையிலும் இன்முகமே கிடைத்திருக்கும் என்பதும் நம்பத்தக்கதன்று. கிடைத்திருந்தால் பாணர் சுற்றம் பசித்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் சிறுபாணாற்றுப்படை காட்டும் கடற்கரை, காடு, வயல் என்னும் முறை, மரக்காணத்திலிருந்து உள்நாடு புகுவார் காணத்தக்க முறையே. புல்லரிசிக்கும் வரகிற்கும் வெண்ணெல்லிற்கும் உள்ள வேறுபாடு நிலத்தின் வேறுபாடு. அதனைப் புகழ்ச்சிக்காகப் படைக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் பெருவழிகள் இருந்தமைக்குப் பிற்காலத்துக் கல்வெட்டுகளும் சான்றாகின்றன. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்க் கல்வெட்டு இராசகேசரிப் பெருவழியைக் குறிப்பிடுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் 29 காதம் என அறிவிக்கிறது. அக்கல்லில் எழுத்தோடு எண்ணும் உண்டு. அவற்றின் கீழ் இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் உண்டு. எழுத்தறியாத வண்டிக்காரனும் இரவில் வந்தவனும் குழிகளைத் தடவிப் பார்த்தே தொலைவை அறியலாம். பின்வருவோன் திகைக்கலாகாது என்னும் அதே எண்ணம் இங்கே கல்லில் நிற்கிறது.

பின்னர், தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமையா, 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளையின் வேண்டுகோளின்படி வழிச்செய்திகளைத் தெலுங்கில் எழுதினார். எவ்வூரில் தங்க இடம் உண்டு, எவ்வூரில் தண்ணீரும் பண்டமும் கிடைக்கும் என்ற குறிப்புகள் கொண்ட அந்நூல் 1838இல் அச்சேறியது. உரைநடையில் எழுந்த ஆற்றுப்படை என்றே அதனைக் கூறலாம்.

இன்றைய இத்தாலியும் இவ்வுண்மையை மறக்கவில்லை. 1985இல் அந்நாடு இயற்றிய சட்டம் ஒன்று, உழவர்கள் தம் பண்ணை வீட்டிலேயே வழிப்போக்கரைத் தங்க வைத்து, தம் நிலத்து விளைபொருளால் உணவளிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. கிராமப்புறச் சுற்றுலா செல்வார் பலர் அத்தகைய வீடுகளைக் குறித்துக்கொண்டே நாட்களை வகுக்கின்றனர். பணம் கொடுத்துத் தங்குவது என்பது மட்டும் வேற்றுமை. ஆமூர் உழவர் வீட்டு நண்டுக் கலவையை நினைத்தால் இத்திட்டம் நமக்குப் புதியதன்று.

கட்டைக் கணக்கு

இவற்றால் மலேசிய மண்ணில் வாழும் நமக்கு என்ன பயன்?

நம் தோட்டத் தமிழர்க்கும் ஒரு வழிக்கணக்கு உண்டு. மைற்கல்லைக் கட்டை என்றனர். எட்டாங்கட்டை, பத்தாங்கட்டை என்பன ஊர்ப்பெயராகவே வழங்கின. கிலோமீட்டர் கணக்கு வந்து மைற்கல் மறைந்த பின்னும் முதியோர் வாயில் கட்டை மறையவில்லை. கட்டை தொலைவைச் சொன்னது. எஞ்சியதை மனிதர் சொன்னார்கள். எந்தச் செம்மண் சாலையில் திரும்ப வேண்டும், எந்த லயத்தில் நம் ஊர்க்காரர் இருக்கிறார், எந்த வீட்டில் இரவு நேரத்திலும் ஒரு பிடி சோறு கிடைக்கும் என்பன எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை.

தெப்ராவ் வட்டாரத்தில் அந்த வழிகள் மறைந்து வருகின்றன. ஒருகாலத்தில் பெரிய ரப்பர்த் தோட்டமாக இருந்த மவுண்ட் ஆஸ்டின் இன்று வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. லயங்கள் இருந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓடுகிறது. கைத்தொலைபேசி காட்டும் படத்தில் சாலை உண்டு. பால்மரம் வெட்டிய கையால் வழிப்போக்கனுக்குச் சோறிட்ட பாட்டி அதில் இல்லை. எயிற்றிக்காவது ஒரு பாட்டில் இடம் கிடைத்தது. நம் பாட்டிமார்க்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஆதலின் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். சிறுபாணாற்றுப்படை வழியை வகுப்பில் படமாக வரையச் செய்க. மூன்று ஊர்களையும் மூன்று உணவுகளையும் மாணவர் குறிக்கட்டும். பிறகு அம்மாணவர் தம் தாத்தா பாட்டியிடம் சென்று மூன்று வினாக்கள் கேட்கட்டும்: நீங்கள் தோட்டத்திலிருந்து எந்த வழியாக நடந்தீர்கள்? இடையில் எங்கே தங்கினீர்கள்? யார் வீட்டில் உண்டீர்கள்? விடைகளை அவர்கள் சொன்னபடியே, பழைய ஊர்ப்பெயர்களோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பள்ளித் தவணை போதும். ஆனால் காலம் தாழ்த்தலாகாது. சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிற் கொணர்ந்திராவிடில், எயிற்பட்டினத்து மீனும் ஆமூர்ச் சோறும் நமக்கு எட்டியிரா. ஏட்டில் இருந்தமையால் அவருக்கு அவை கிடைத்தன. நம் தோட்டத்து வழிகள் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. அவற்றை ஏற்றி வைப்பது, சந்தியில் நிற்கும் நாம் பின்வரும் பிள்ளைகளுக்காக முடிந்து வைக்க வேண்டிய புல்.